பட்டியலில் வராத செலவு: ஓய்வூதிய நிதியங்களை எப்படி ஒப்பிடுவது?

நார்வே அரசின் ஓய்வூதிய நிதியத்தில் 2024-இல் சுமார் 1.7 லட்சம் கோடி அமெரிக்க டாலர் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்கள் எழுநூறு பேருக்கும் குறைவு. நிர்வாகச் செலவு, ஆண்டுக்கு நூறு ரூபாய்க்கு நாலைந்து பைசா. கனடாவின் தேசிய ஓய்வூதியத் திட்டமான சிபிபியின் பணத்தைப் பார்த்துக்கொள்ளும் சிபிபி முதலீட்டு வாரியத்திடம் இருக்கும் பணம் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஊழியர்களோ இரண்டாயிரத்துக்கும் மேல். 2024 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் அந்த வாரியத்தின் இயக்கச் செலவு மட்டும் சுமார் 160 கோடி கனடிய டாலர். நூறு ரூபாய்க்கு 27 பைசா என்று வைத்துக்கொள்ளலாம். வெளி மேலாளர்களுக்குக் கொடுத்த கட்டணமும் லாபப் பங்கும் தனி.

இதை மட்டும் படித்தால் நார்வேக்காரர்கள் சிக்கனக்காரர்கள், கனடாக்காரர்கள் ஊதாரிகள் என்று முடிவுகட்டிவிடத் தோன்றும். பலர் அப்படியே எழுதியும் விடுகிறார்கள். ஆனால் மூன்றாவதாக ஒரு நிதியத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: இலங்கையின் ஊழியர் சேமலாப நிதி, அதாவது அந்நாட்டு பி.எஃப். அதற்குச் செலவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அது விமான நிலையம் வாங்குவதில்லை, நியூயார்க் மேலாளர்களுக்குக் கட்டணம் கட்டுவதில்லை. பணத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அரசின் திறைசேரி முறிகளில், அதாவது அரசுக் கடன் பத்திரங்களில், கிடக்கிறது. 2022-ஆம் ஆண்டுக்கு அது உறுப்பினர்களுக்குக் கொடுத்த வட்டி 9 சதவீதம். அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 சதவீதம்.

ஓய்வூதிய நிதியங்களின் ஆண்டறிக்கையில் 'செலவு' என்று அச்சாகும் எண்ணில் என்னென்ன சேர்ந்திருக்கின்றன, எவை விடுபட்டிருக்கின்றன, கொடுத்த காசுக்கு என்ன கிடைத்தது? இவற்றைக் கேட்காமல் இரண்டு நிதியங்களை ஒப்பிடுவதில் பயனில்லை. கேட்டுப் பார்த்தால், உறுப்பினர் இழக்கும் பெரிய தொகை பெரும்பாலும் அந்தப் பட்டியலில் ஏறாத தொகையாகவே இருக்கிறது. என் வாதம் இதுதான்.

ஒரு பைசா, நூறு பைசா

இந்தத் துறையில் இருப்பவர்கள் 'பேசிஸ் பாயின்ட்' என்பார்கள். ஒரு சதவீதத்தில் நூறில் ஒரு பங்கு. நமக்கு 'நூறு ரூபாய்க்கு ஒரு பைசா' என்று சொன்னால் போதும், இரண்டும் ஒன்றுதான். இந்தக் கட்டுரை முழுக்க அந்த அளவையே பயன்படுத்துகிறேன்.

பைசாவில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஒருவர் மாதம் 5,000 ரூபாய் வீதம் 35 ஆண்டுகள் போடுகிறார் என்று வைப்போம். கையிலிருந்து போட்டது மொத்தம் 21 லட்சம். ஆண்டுக்கு 8 சதவீதம் வளர்ந்தால் கடைசியில் ஏறத்தாழ 1 கோடியே 14 லட்சம் நிற்கும். நிர்வாகச் செலவாக ஆண்டுதோறும் நூறுக்கு 5 பைசா பிடித்தால் அதில் குறைவது சுமார் 1.4 லட்சம். நூறுக்கு ஒரு ரூபாய் பிடித்தால் குறைவது ஏறத்தாழ 24 லட்சத்து 60 ஆயிரம். அதாவது அவர் 35 ஆண்டுகளும் வியர்வை சிந்திப் போட்ட மொத்தப் பணத்தைவிட அதிகம். ஒரு ரூபாய்தானே என்று சொல்லி எடுத்துக்கொண்ட தொகை இது.

என் அப்பா ஆலை வேலையில் இருந்த காலத்தில் ஆண்டுக்கு ஒருமுறை பி.எஃப். கணக்குச் சீட்டு வரும். தொழிலாளி பங்கு, முதலாளி பங்கு, வட்டி என்று மூன்று எண்கள். அதை மடித்து ரேஷன் கார்டோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிடுவார். செலவு என்று ஒரு வரி அதில் இருந்ததாக எனக்கு நினைவில்லை. செலவே இல்லாமல் யாரோ நம் பணத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம்.

கலிஃபோர்னியாவில் யாரும் கூட்டிப் பார்க்காத கணக்கு

கலிஃபோர்னியா அரசு ஊழியர்களின் ஓய்வூதிய அமைப்பான கால்பெர்ஸ், அமெரிக்காவின் மிகப் பெரிய பொது ஓய்வூதிய நிதியம். பிரைவேட் ஈக்விட்டியில், அதாவது பங்குச்சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனங்களை வாங்கி விற்கும் நிதிகளில், 1990 முதல் பணம் போட்டுவந்தது. அந்த மேலாளர்களின் சம்பள முறை உலகம் முழுக்க ஏறத்தாழ ஒரே மாதிரிதான்: போடுவதாக ஒப்புக்கொண்ட தொகையில் ஆண்டுக்கு சுமார் 2 சதவீதம் நிர்வாகக் கட்டணம், குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய லாபத்தில் 20 சதவீதம் அவர்களுக்கு.

இதில் முதல் பகுதிக்கு ரசீது உண்டு. இரண்டாவது பகுதிக்கு, அந்த லாபப் பங்குக்கு, ரசீது வருவதில்லை. லாபத்தைப் பிரிக்கும்போதே மேலாளர் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பிவிடுவார். நிதியத்தின் ஏட்டில் வரவு மட்டுமே பதிவாகும். கையை விட்டுப் போகாத பணம் செலவுக் கணக்கில் எப்படி ஏறும்? 2015-இல் இந்த லாபப் பங்காக இதுவரை எவ்வளவு போயிருக்கிறது என்ற கேள்வி எழுந்தபோது, அப்படியொரு கணக்கைத் தொகுத்து வைத்திருக்கவில்லை என்று கால்பெர்ஸ் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த ஆண்டு நவம்பரில்தான் தொகை வெளியானது: 1990 முதல் 2015 ஜூன் வரை 340 கோடி டாலர்.

அதே காலத்தில் அந்த முதலீடுகளால் கால்பெர்ஸுக்குக் கிடைத்த லாபம் 2,420 கோடி டாலர் என்பதையும் சொல்லியாக வேண்டும். கொடுத்தது வீண் என்று சொல்ல வரவில்லை. கால் நூற்றாண்டாக யாரும் கூட்டிப் பார்க்கவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. தீயணைப்பு வீரர்கள், நூலகர்கள், சாலைப் பணியாளர்களின் சம்பளத்திலிருந்து பிடித்த பணம் அது. அடுத்த ஆண்டே கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டது. மாநிலத்தின் பொது ஓய்வூதிய நிதியங்கள், 2017 முதல் போடும் இத்தகைய ஒப்பந்தங்களில் கட்டணம், லாபப் பங்கு எல்லாவற்றையும் ஆண்டுதோறும் பொதுவில் வெளியிட வேண்டும்.

கணக்கு மறைந்திருக்கும் இடத்தில் வேறு சிலவும் மறையும். கால்பெர்ஸின் முன்னாள் தலைமை நிர்வாகி ஒருவர், முதலீட்டு நிறுவனங்களுக்கும் நிதியத்துக்கும் நடுவே நின்ற தரகரிடம் லஞ்சம் வாங்கிய வழக்கில் 2016-இல் நாலரை ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார்.

அதற்கு முன்பே, 2014 செப்டம்பரில், பணக்காரர்களுக்கும் பெரிய நிறுவனங்களுக்குமான சிக்கலான முதலீட்டு நிதிகளான ஹெட்ஜ் ஃபண்டுகளில் போட்டிருந்த சுமார் 400 கோடி டாலரை மொத்தமாக வெளியே எடுக்கப்போவதாக கால்பெர்ஸ் அறிவித்திருந்தது. சொன்ன காரணங்கள் செலவு, சிக்கல். சில மாதங்களில் நெதர்லாந்தின் மருத்துவ, பராமரிப்புத் துறை ஊழியர்களுக்கான பிஎஃப்இசட்டபிள்யூ நிதியமும் அதே முடிவை, ஏறத்தாழ அதே காரணங்களோடு, அறிவித்தது. நெதர்லாந்தில் இது நடந்ததற்குப் பின்னணி உண்டு. அங்கே 2011-இலேயே ஓய்வூதியக் கூட்டமைப்பு ஒரு வழிமுறையை வகுத்தது: உறுப்பினர் சேவைக்கான செலவைத் தலைக்கு எத்தனை யூரோ என்றும், முதலீட்டுச் செலவை சதவீதமாகவும், பங்குகளை வாங்கி விற்கும்போது கரையும் பரிவர்த்தனைச் செலவைத் தனி சதவீதமாகவும் காட்ட வேண்டும். லாபப் பங்கும் கணக்கில் ஏறும். இப்படி வெளியிடத் தொடங்கியதும் டச்சு நிதியங்களின் செலவு மற்ற நாடுகளைவிட அதிகம் போலத் தெரிந்தது. உண்மையில் அவர்கள் முழுக்கணக்கைச் சொன்னார்கள், மற்றவர்கள் பாதியைச் சொன்னார்கள். இரண்டு நாட்டு எண்களை அப்படியே அருகருகே வைத்துப் பேசுபவர்கள் இந்த ஒன்றையாவது நினைவில் வைக்க வேண்டும்.

ஆஸ்லோவின் பொறுமை

நார்வே கடலில் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயல் 1969-இல் கண்டுபிடிக்கப்பட்டது. நிதியத்துக்கான சட்டம் 1990-இல் வந்தது; முதல் பணம் 1996-இல்தான் போடப்பட்டது. தொடக்கத்தில் வெறும் அரசுக் கடன் பத்திரங்கள். 1998-இல் பங்குகளுக்கு 40 சதவீதம், 2007-இல் அதை 60 ஆக்க முடிவு, 2017-இல் 70 ஆக்க முடிவு. ஒவ்வொரு படியும் நாடாளுமன்றத்தில் பேசி எடுத்தது. இன்று உலகத்தின் பட்டியலிடப்பட்ட பங்குகளில் சராசரியாக நூறுக்கு ஒன்றரை பங்கு அந்த நிதியத்தின் கையில்.

அதன் செலவு குறைவாக இருப்பதற்குச் சாமர்த்தியம் மட்டும் காரணம் அல்ல. எந்த நாட்டில் எத்தனை பங்கு என்பதைச் சொல்லும் குறியீட்டை நிதி அமைச்சகம் வகுத்துக் கொடுத்துவிடுகிறது. மத்திய வங்கிக்குள் இருக்கும் நிர்வாகப் பிரிவு அதிலிருந்து சிறிதளவே விலக முடியும். உலகச் சந்தை முழுவதையும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி வைத்திருப்பதற்கு மூவாயிரம் ஆய்வாளர்கள் தேவையில்லை. இன்னொன்றையும் மறக்கக் கூடாது: பெயரில்தான் ஓய்வூதியம். அந்த நிதியம் யாருக்கும் மாதாமாதம் பென்ஷன் அனுப்புவதில்லை. கணக்குப் புத்தகம், வாரிசு மாற்றம், புகார்க் கடிதம் எதுவும் கிடையாது. பணவீக்கம் போக எதிர்பார்க்கும் வருமானத்துக்கு ஈடான தொகையை, முன்பு 4 சதவீதம், 2017 முதல் 3 சதவீதம், அரசு பட்ஜெட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பதே விதி. எனவே பல லட்சம் உறுப்பினர்களின் கணக்கைப் பராமரிக்கும் ஒரு நிதியத்தின் மொத்தச் செலவை நார்வேயின் நாலைந்து பைசாவோடு ஒப்பிடுவது நியாயமாகாது. முதலீட்டுச் செலவை மட்டும் பிரித்தெடுத்து ஒப்பிடலாம்.

நார்வேயிடம் நான் பெரிதும் மதிப்பது அந்தச் சிக்கனத்தை அல்ல, 2008-ஐ அது கடந்த விதத்தை. பங்குகளை 40-லிருந்து 60 சதவீதமாக்கும் முடிவை எடுத்த மறுஆண்டே உலகச் சந்தை இடிந்து விழுந்தது. அந்த ஆண்டு நிதியம் 23.3 சதவீதம் இழந்தது. நாளிதழ்கள் கொதித்தன. ஆனாலும் விதி என்ன சொன்னதோ அதன்படி, விலை விழுந்துகொண்டிருந்த பங்குகளை வாங்கிக்கொண்டே இருந்தார்கள். 2009-இல் 25.6 சதவீதம் ஏறியது. நம் ஊரில் ஒரு பொது நிதி ஒரே ஆண்டில் நான்கில் ஒரு பங்கை இழந்தால் அதன் தலைவர் நாற்காலியில் இருப்பாரா? அங்கே முடிவு நாடாளுமன்றத்தின் முடிவாக இருந்ததால் ஒரு அதிகாரியின் தலையில் அது விழவில்லை. பின்னாலும் இதே நிதானம் தெரிந்தது. பட்டியலிடப்படாத நிறுவனங்களிலும் முதலீடு செய்ய அனுமதிக்கலாம் என்று நிர்வாகப் பிரிவு 2023 இறுதியில் பரிந்துரைத்தபோது, அரசு 2024-இல் மறுத்துவிட்டது. செலவும் வெளிப்படைத்தன்மையும் அந்த விவாதத்தின் மையத்தில் இருந்தன.

டொரன்டோவின் துணிச்சல்

1990 வரை கனடாவின் ஒன்டாரியோ மாகாணப் பள்ளி ஆசிரியர்களின் ஓய்வூதியப் பணம் முழுக்க அந்த மாகாண அரசின் கடன் பத்திரங்களிலேயே முடங்கிக் கிடந்தது. விற்க முடியாத பத்திரங்கள். அரசுக்கு எளிதாகக் கடன், ஆசிரியர்களுக்குக் கையில் காகிதம். அந்த ஆண்டு ஒன்டாரியோ ஆசிரியர் ஓய்வூதியத் திட்டம் தனி நிறுவனமாக்கப்பட்டது. க்ளோட் லமுரே முதல் தலைமை நிர்வாகி. வெளியாருக்குக் கட்டணம் கொடுப்பதைவிட நல்ல சம்பளம் கொடுத்து ஆட்களை உள்ளேயே வைத்துக்கொள்வோம் என்று அவர்கள் எடுத்த முடிவுதான் பின்னாளில் 'கனடா முறை' என்று பெயர் வாங்கியது. கட்டடங்கள், வணிக வளாகங்கள், கோபன்ஹேகன், பிரிஸ்டல் விமான நிலையங்களில் பங்கு எனப் போனார்கள்.

முதலீட்டு வங்கியாளருக்குத் தருவது போன்ற சம்பளத்தை ஆசிரியர் நிதியம் தருகிறதே என்று கேட்டால், கேட்பது நியாயம்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு நிறுவனத்தை வெளி மேலாளர் மூலம் வாங்கினால் 2 சதவீதக் கட்டணமும் லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கும் போகும். சொந்த ஆட்களைக் கொண்டு வாங்கினால் சம்பளமும் பயணச் செலவும்தான். நிதியம் மிகப் பெரிதாக இருந்தால் இரண்டாவது வழி பல மடங்கு மலிவு. ஆனால் சம்பளச் செலவு ஆண்டறிக்கையில் பளிச்சென்று தெரியும். லாபப் பங்கு தெரியாது. அதனாலேயே மலிவான வழி விலை கூடியதாகவும், விலை கூடிய வழி மலிவாகவும் தோற்றம் தருகிறது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1990-களின் தொடக்கத்திலிருந்து டொரன்டோவில் செம் பெஞ்ச்மார்க்கிங் என்ற நிறுவனம் உலக நிதியங்களின் செலவுக் கணக்குகளைச் சேகரித்து ஒப்பிட்டுவருகிறது. அவர்களின் வழி எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் அது குடும்பக் கணக்கு போடும் வழி. பக்கத்து வீட்டுச் செலவு குறைவு என்று சொன்னால் போதாது, அவர்கள் வீட்டில் எத்தனை பேர், என்ன சமைக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டுமல்லவா? ஒரு நிதியம் எந்தெந்தச் சொத்தில் எவ்வளவு வைத்திருக்கிறதோ, அதே கலவையை அதே அளவுள்ள மற்ற நிதியங்கள் வாங்கினால் என்ன செலவாகும் என்று முதலில் கணக்கிடுகிறார்கள். அதைவிட இந்த நிதியம் கூடக் கொடுக்கிறதா, குறையக் கொடுக்கிறதா? கூடுதல் என்றால், வெளியாரை அதிகம் நம்பியதாலா, அதே சேவைக்கு அதிக விலை கொடுத்ததாலா? டொரன்டோ பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் டைக்கும் லூகாஷ் போமோர்ஸ்கியும் இந்தத் தரவுகளைக் கொண்டு 2011-இல் காட்டியது இது: மிகப் பெரிய நிதியங்கள் சிறியவற்றைவிட ஆண்டுக்கு நூறுக்கு 43 முதல் 50 பைசா வரை கூடுதலாக ஈட்டின. அந்த ஆதாயத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை, உள்ளேயே நிர்வகித்து மிச்சம்பிடித்ததால் வந்தது.

ஆகவே கனடா முறை வென்றுவிட்டதா? அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஒன்டாரியோ ஆசிரியர் நிதியம் எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ நிறுவனத்தில் 9.5 கோடி அமெரிக்க டாலர் போட்டு, 2022-இல் அத்தனையையும் இழந்தது. மொத்தத்தில் அது சிறு துளிதான்; ஆனால் உள்ளே இவ்வளவு நிபுணர்கள் இருந்தும் அது நடந்தது. ஒன்டாரியோ நகராட்சி ஊழியர்களின் ஓமெர்ஸ் நிதியம் இங்கிலாந்தின் தேம்ஸ் வாட்டர் குடிநீர் நிறுவனத்தில் மிகப் பெரிய பங்குதாரராக இருந்தது; 2024-இல் அந்தப் பங்கின் மதிப்பை முழுதாக எழுதித் தள்ள வேண்டியதாயிற்று.

சிபிபி முதலீட்டு வாரியத்தின் கதை இன்னும் கடினமானது. 1997-இல் சட்டம் மூலம் உருவாகி, 1999-இல் முதலீட்டைத் தொடங்கி, 2006-இல் குறியீட்டைப் பின்பற்றும் எளிய வழியைக் கைவிட்டுத் தானே தேர்ந்தெடுக்கும் வழிக்கு மாறியது. 2024 மார்ச்சில் முடிந்த ஆண்டில் அது ஈட்டியது 8 சதவீதம். ஒன்றும் செய்யாமல் குறியீட்டை வாங்கி வைத்திருந்தால் கிடைத்திருக்கும் என்று அது தானே அளவுகோலாக வைத்திருந்த கலவை ஈட்டியது 19.9 சதவீதம். அந்த ஆண்டு அமெரிக்கத் தொழில்நுட்பப் பங்குகள் சில மட்டும் சந்தையையே தூக்கிப் பிடித்தன, ஒரே கூடையில் எல்லாவற்றையும் வைக்காதது எங்கள் கடமை என்று வாரியம் சொன்ன பதிலில் நியாயம் இருக்கிறது. பத்தாண்டுச் சராசரியாக 9.2 சதவீதம் ஈட்டியதும் உண்மை. ஆனாலும் இரண்டாயிரம் பேரின் உழைப்பும் ஆண்டுக்குப் பல நூறு கோடி டாலர் கட்டணமும் எதற்காக என்ற கேள்விக்கு, 'பத்திரமாக இருக்கிறது' என்பதற்கு மேல் பதில் வர வேண்டும் என்றே நினைக்கிறேன். அந்த அளவுகோலைத் தானே வைத்து, தோற்றதைத் தானே அச்சிட்டதற்காகவும் அந்த வாரியத்தை மதிக்கிறேன். நம் பி.எஃப். அதைச் செய்வதில்லை.

ஜப்பான் அரசின் ஓய்வூதிய நிதியமான ஜிபிஐஎஃப் பற்றி ஒரே ஒரு செய்தி. பெரும்பகுதிப் பணத்தைக் குறியீட்டிலேயே வைத்திருக்கும் அந்த நிதியம், 2018-இல் மற்ற மேலாளர்களுக்கான கட்டண முறையை மாற்றியது. சந்தையைவிடக் கூடுதலாக ஈட்டிக் கொடுக்காதவருக்குக் குறியீட்டைப் பின்பற்றுபவருக்குத் தரும் சொற்பக் கட்டணம்தான். கூடுதலாகக் கேட்பவர் கூடுதலாகக் கொண்டுவரட்டும்.

நம் பி.எஃப்.

இந்தியாவின் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி, 1952 சட்டத்தின் குழந்தை. அதன் நிர்வாகச் செலவு நார்வேயோடு ஒப்பிடவே முடியாத வடிவில் இருக்கிறது, ஏனென்றால் அது இருக்கும் பணத்தின் மீது பிடிக்கப்படுவதில்லை. சம்பளத்தின் மீது பிடிக்கப்படுகிறது. 2018 ஜூன் முதல் நூறு ரூபாய்ச் சம்பளத்துக்கு 50 பைசா, முதலாளி தனியாகக் கட்டுகிறார். அதற்கு முன் 65 பைசா, அதற்கும் முன் இன்னும் அதிகம். என் அப்பாவின் சீட்டில் செலவு வரி இல்லாததன் ரகசியம் இதுதான்.

மாற்றிக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நூறு ரூபாய்ச் சம்பளத்துக்கு இரு தரப்பும் சேர்ந்து கட்டுவது 24 ரூபாய். அதற்கு 50 பைசா என்றால் உள்ளே வரும் நூறு ரூபாய்க்குச் சுமார் 2 ரூபாய் 8 பைசா. ஒரே ஒரு முறை பிடிப்பது. பணம் இருபது ஆண்டு உள்ளே இருந்தால் ஆண்டுக்குப் பத்துப் பைசா போல ஆகும். ஐந்தாறு ஆண்டுகளில் வேலை மாறி, பணத்தை எடுத்துவிடுபவருக்கு அது முப்பது, நாற்பது பைசா. திருப்பூரில் ஆண்டுக்கொரு கம்பெனி மாறி, ஒவ்வொரு முறையும் பி.எஃப். பணத்தை எடுத்துவிடும் தையல் தொழிலாளியின் கணக்கில் செலவு விகிதம் எங்கே நிற்கும் என்று நீங்களே பாருங்கள். இத்தனைக்கும் இதில் பெரும்பகுதி முதலீட்டுக்கு ஆவதல்ல. கணக்கு வைக்க, கோரிக்கைகளைப் பைசல் செய்ய, அலுவலகங்களை நடத்த ஆவது.

வருமானத்தை ஒப்பிடுவதும் அதே அளவு சிக்கல். 2023-24-க்கு 8.25 சதவீதம் வட்டி. 2021-22-இல் 8.1, நாற்பதாண்டுகளுக்கும் மேலாகக் காணாத குறைவு. 1990-களில் ஆண்டுக்கு 12 சதவீதம் வந்ததைப் பழைய தொழிலாளர்கள் இன்றும் சொல்வார்கள். ஆனால் இவை சந்தை தந்த வருமானம் அல்ல, அறங்காவலர் குழு பரிந்துரைத்து நிதி அமைச்சகம் ஒப்புக்கொண்டு அறிவிக்கும் விகிதம். நார்வே 2022-இல் 14.1 சதவீதம் இழந்ததாக அறிவித்தது. நம் நிதி எந்த ஆண்டும் இழந்ததாக அறிவித்ததில்லை. கடன் பத்திரங்களை முதிர்வு வரை வைத்திருப்போம் என்ற கணக்கில், சந்தை மதிப்பு ஏறி இறங்குவது உறுப்பினர் கண்ணில் படுவதில்லை. அது தரும் நிம்மதி பெரிது, அதை நான் சிறுமைப்படுத்தமாட்டேன். மகள் கல்யாணத்துக்கு முன்மாதம் கணக்கில் நான்கில் ஒரு பங்கு காணாமல் போவதைத் தாங்கும் நிலையில் நம் தொழிலாளி இல்லை. ஆனால் அந்த நிம்மதிக்கு அவர் என்ன விலை கொடுக்கிறார் என்பதைச் சொல்லும் அளவுகோல் எங்கும் அச்சாகவில்லை. பங்குச்சந்தைக்கு 2015 ஆகஸ்டில்தான் போனார்கள்; அதுவும் புதிதாக வரும் பணத்தில் 5 சதவீதம், பிறகு 10, 2017-இல் 15, குறியீட்டைப் பின்பற்றி, பங்கு போலவே சந்தையில் வாங்கி விற்கப்படும் இடிஎஃப் நிதிகள் வழியாக.

தேசிய ஓய்வூதியத் திட்டமான என்பிஎஸ் எதிர்த் திசையில் ஒரு பாடம் வைத்திருக்கிறது. 2009-இல் பொதுமக்களுக்கு அது திறந்துவிடப்பட்டபோது நிதி மேலாளருக்கான கட்டணம் 0.0009 சதவீதம். நூறு ரூபாய்க்கு ஒரு பைசாவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பத்து லட்சத்துக்கு ஆண்டுக்கு 9 ரூபாய். உலகத்திலேயே மலிவு என்று பெருமையாகச் சொன்னார்கள். விற்பவருக்கும் நிர்வகிப்பவருக்கும் ஒன்றும் மிஞ்சாத பொருளைப் பற்றி யார் மக்களிடம் எடுத்துச்சொல்வார்? வங்கிக்குப் போனவர்களுக்கு வேறு காப்பீட்டுத் திட்டங்கள்தான் காட்டப்பட்டன. 2021-இல் கட்டணம் படிநிலையாக மாற்றப்பட்டு, 0.09 சதவீதத்தில் தொடங்கி, நிதி பெருகப் பெருக 0.03 வரை இறங்குமாறு வைக்கப்பட்டது. நூறு மடங்கு ஏற்றம் என்று கேட்கும்போது அதிர்ச்சியாக இருக்கும். 9 பைசா அப்போதும் உலகக் கணக்கில் மிகக் குறைவு, அந்த ஏற்றம் சரியானது என்பேன்.

தமிழ்நாடு அரசு 2003 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்த ஊழியர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தைக் கொண்டுவந்தாலும், அந்தப் பணத்தை என்பிஎஸ் மேலாளர்களிடம் கொடுக்காமல் தன் கணக்கிலேயே வைத்துக்கொண்டது. மேலாளர் கட்டணம் சுத்தமாக இல்லை. பணம் வளர்ந்திருக்கக்கூடிய அளவுக்கும் வளர்ந்த அளவுக்கும் உள்ள இடைவெளியை எந்தச் செலவுத் தலைப்பில் எழுதுவது?

கொழும்பில் நடந்தது

ஊழியர் சேமலாப நிதி 1958-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. ஊழியர் 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம். உறுப்பினர் விவகாரம் தொழில் திணைக்களத்திடம்; பணம் மத்திய வங்கியிடம். தோட்டத் தொழிலாளி, ஆடைத் தொழிற்சாலைப் பெண், ஹோட்டல் பணியாளர், கடைச் சிப்பந்தி என்று தனியார் துறையில் சம்பளம் வாங்குபவர்களில் பெரும்பாலானோரின் முதுமையும் அங்கே இருக்கிறது.

அதே மத்திய வங்கிதான் பல பதிற்றாண்டுகளாக அரசுக்காகக் கடன் முறிகளை விற்றுக்கொடுக்கும் வேலையையும் செய்தது. விற்பவரும் வாங்குபவரும் ஒரே கட்டடத்தில். கடன் வாங்கும் அரசுக்கு வட்டி குறைய வேண்டும், கடன் கொடுக்கும் தொழிலாளிக்கு வட்டி கூட வேண்டும். இரண்டு பேருக்கும் ஒருவரே எப்படி உண்மையாக இருக்க முடியும்? மத்திய வங்கியின் முறி விற்பனையில் முறைகேடு என்று 2015-இல் தொடங்கிய விவகாரத்தை விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழு, முறிகளைச் சேமலாப நிதி இரண்டாம் கைச் சந்தையில் கூடிய விலைக்கு வாங்கி நட்டப்பட்டதைப் பதிவு செய்தது.

பிறகு பொருளாதாரம் சரிந்தது. 2022 இறுதியில் குறுகியகால அரசுக் கடன் பத்திரங்களான திறைசேரி உண்டியல்களின் வட்டியே 30 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. 2023 ஜூலை 1 அன்று நாடாளுமன்றம் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்கு ஒப்புதல் கொடுத்தது. வங்கிகள் வைத்திருந்த முறிகளைத் தொடவில்லை. வங்கிகள் ஏற்கெனவே அதிக வரி கட்டுகின்றன, அவற்றைத் தொட்டால் அவை தடுமாறும் என்றார்கள். ஓய்வூதிய நிதிகளிடம் ஒரு தெரிவு வைக்கப்பட்டது: கையில் இருக்கும் முறிகளைக் கொடுத்து, 2025 வரை 12 சதவீதமும் அதன்பின் 9 சதவீதமும் தரும் நீண்டகால முறிகளை வாங்கிக்கொள்ளுங்கள், மறுத்தால் வருமான வரி 14 சதவீதத்துக்குப் பதில் 30. சேமலாப நிதி மாற்றிக்கொண்டது.

அந்த நிதியின் ஆண்டறிக்கையில் இயக்கச் செலவு என்ற வரியை எடுத்துப் பார்த்தால் உலகத்தின் எந்த நிதியத்தோடும் வைத்துப் பெருமைப்படலாம். முறிமாற்றம் அந்த வரியில் இல்லை. பணவீக்கம் தின்றது அந்த வரியில் இல்லை. விற்பவரும் வாங்குபவரும் ஒருவராக இருந்ததன் விலை எந்த வரியிலும் இல்லை. ஹட்டன் தோட்டத்தில் முப்பது ஆண்டு கொழுந்து பறித்தவருக்கு இவை மூன்றும் சேர்ந்து எடுத்தது, எந்த நியூயார்க் மேலாளரும் எடுத்திருக்கக்கூடியதைவிடப் பெரிது.

1990-க்கு முந்தைய ஒன்டாரியோ ஆசிரியர்களின் நிலைமையும் கிட்டத்தட்ட இதுதான்: பணம் அரசிடம், கையில் காகிதம். அங்கே மாறியது முதலீட்டு உத்தி மட்டுமில்லை. இன்று அந்த நிதியத்தின் இயக்குநர் குழுவில் பதினொரு பேர். ஐவரை ஆசிரியர் கூட்டமைப்பு நியமிக்கிறது, ஐவரை மாகாண அரசு, தலைவரை இருவரும் சேர்ந்து. எஃப்டிஎக்ஸில் தோற்றபோது ஆசிரியர்கள் போய்க் கேட்பதற்கு அங்கே அவர்களின் ஆட்கள் இருந்தார்கள். இலங்கையில் 2024-இல் வந்த பொதுக் கடன் முகாமைத்துவச் சட்டம், அரசுக் கடனைக் கவனிக்கும் வேலையை மத்திய வங்கியிடமிருந்து எடுத்துத் தனி அலுவலகத்துக்கு மாற்ற வழி செய்திருக்கிறது. சேமலாப நிதியின் பணத்தை எங்கே போடுவது என்ற முடிவு மட்டும் மத்திய வங்கியிடமே இருக்கிறது.